ஏலகிரிப் பழைய வீட்டுக் கணப்பு: எரிப்பதா, அலங்கரிப்பதா, அடைத்துவிடுவதா?

பலாமரத்தடி:

வணக்கம். ஏலகிரியில் அத்தனாவூர்ப் பக்கம் தாத்தா காலத்து வீடு ஒன்று எங்கள் பொறுப்புக்கு வந்திருக்கிறது. ஓட்டுக் கூரை, ஒன்றரை அடிக் கனத்தில் சுண்ணாம்புச் சுவர், சிவப்புத் தரை. கூடத்தில் குளிர்காய விறகு எரிக்கச் சுவரோடு சேர்த்துக் கட்டிய கணப்பு ஒன்றும், படுக்கையறையில் அதைவிடச் சிறியது ஒன்றும் இருக்கின்றன. சிறியதைச் செங்கல் வைத்து அடைத்துச் சிமெண்ட் பூசிவிட்டார்கள். கூடத்துக் கணப்புக்கு யாரோ பச்சை எனாமல் அடித்திருக்கிறார்கள், அந்தக் காலத்து அரசு மருத்துவமனை ஜன்னல் கம்பிகளுக்கு அடிப்பார்களே, அதே பச்சை. சித்தப்பா அங்கே குடியிருந்த காலத்தில் தொலைக்காட்சிப் பெட்டியே அதற்குள்தான் இருந்தது.

டிசம்பர் விடுமுறைக்கு உறவினர்கள் வருகிறார்கள். சோதித்துப் பார்க்கலாம் என்று விறகு வைத்து மூட்டினோம். புகை மேலே போகவே இல்லை. கூடம் முழுவதும் நிறைந்து, அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

இப்போது வீட்டில் ஆளுக்கொரு யோசனை. மனைவி சுற்றிலும் கறுப்பு கிரானைட் பதிக்க வேண்டும் என்கிறார். அம்மாவுக்கு அந்தக் குழியில் ஒரு குத்துவிளக்கு வைத்தால் போதும். தம்பி இடித்துவிட்டு அலமாரி வைக்கச் சொல்கிறான். எனக்கு அது எரிய வேண்டும். பழைய வீட்டு வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள், எங்கிருந்து தொடங்குவது?

கோட்டை அகழி:

மரமில்லா மலை, நீரில்லா ஆறு, அரசனில்லா கோட்டை, சாமியில்லா கோயில் என்று எங்கள் வேலூரைக் கேலி செய்வார்கள். 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குச் சாமி திரும்பி வந்ததும் பட்டியலில் ஒன்று குறைந்தது. உங்கள் தயவில் நெருப்பில்லாக் கணப்பு என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறோம்.

அக்னி நட்சத்திரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியே கணப்புதான், வேண்டுமானால் வந்து குளிர்காய்ந்துவிட்டுப் போங்கள். கேலி இருக்கட்டும், ஆண்டுக்குச் சில வாரக் குளிருக்கு இவ்வளவு செலவு எதற்கு? நல்ல கம்பளி வாங்குங்கள். தம்பி சொல்வதுபோல அலமாரி வைத்தால் பண்டம் பாத்திரமாவது அடுக்கலாம்.

ரசமட்டம்:

பலாமரத்தடி தம்பிக்கு. நான் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், இருப்பது சத்துவாச்சாரியில். பயணியர் மாளிகைகளின் பழுது வேலையில் சில கணப்புகளைப் பார்த்திருக்கிறேன்.

கிரானைட்டா எனாமலா என்பதெல்லாம் அப்புறம். முதலில் மூன்று அளவுகள் எடுத்து எழுதுங்கள். வாயின் அகலமும் உயரமும் ஒன்று. உள்ளே தலையை நீட்டி மேல்நோக்கி டார்ச் அடித்தால் புகை ஏறும் குழாய் தெரியும், அதன் உள்ளளவு இரண்டாவது. கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்த இடத்திலிருந்து புகைபோக்கி எத்தனை அடி நிற்கிறது, அதைச் சுற்றிப் பத்தடிக்குள் அதைவிட உயரமாக என்ன இருக்கிறது என்பது மூன்றாவது. கூடத்து ஜன்னல்கள் பழையவையா, புதிதாக மாற்றியவையா என்பதையும் சொல்லுங்கள்.

கணப்பு என்பது ஓர் இயந்திரம். சூடான காற்று லேசானது, அது குழாயில் ஏறும்போது அறைக்காற்றையும் சேர்த்து இழுக்கும். அந்த இழுப்புக்குத் தக்கபடி வாய், குழாய், உயரம், அறைக்குள் வரும் காற்று ஆகிய நான்கும் அமைய வேண்டும். ஒன்று பிசகினாலும் புகை உங்கள் முகத்துக்குத்தான் வரும். அலங்காரம் செய்து அதைச் சரிக்கட்ட முடியாது.

வாலாஜா மருமகள்:

இந்த இழையை விடமாட்டேன். எங்கள் வாலாஜாபேட்டை வீட்டிலும் இதே சண்டைதான் நடக்கிறது, இடம் மட்டும் சமையலறை. கொடியடுப்பு வைத்த மண்மேடை, அதற்கு மேலே கவிழ்த்த கூடுபோலச் செங்கல் கட்டு, அதிலிருந்து கூரைக்கு மேல் ஏறும் புகைக்கூண்டு. விறகு அடுப்பை விட்டு எரிவாயுவுக்கு மாறி எத்தனையோ காலமாகிவிட்டது. மாமியார் இன்னும் அந்தக் கூட்டுக்கு அடியில் பரண் கட்டி விதை அவரையும் பூண்டும் தொங்கவிடுகிறார். புகை பட்ட இடத்தில் வண்டு அண்டாது என்பது அவர் கணக்கு. புகை நின்றுபோனது வண்டுக்குத் தெரியாது என்று நினைக்கிறார் போலிருக்கிறது.

கேள்வி இதுதான்: மேடையை எடுத்துவிட்டு அந்தக் கூட்டுக்கு அடியில் எரிவாயு அடுப்பை வைத்தால், கடையில் விற்கும் மின்சாரப் புகைபோக்கி வாங்காமல் தப்பிக்கலாமா? ஏலகிரிக்காரர் விஷயம் முடிந்த பிறகு சொன்னாலும் போதும்.

பலாமரத்தடி:

ரசமட்டம் ஐயா, அளந்துவிட்டேன். வாய் 42 அங்குல அகலம், 36 அங்குல உயரம். குழாய் உள்ளே சதுரமாக 9 அங்குலம். உடைந்த ஓட்டுத் துண்டுகளும் காய்ந்துபோன பறவைக் கூடும் கொஞ்சம் கிடந்தன, எடுத்துவிட்டோம். கூரைக்கு மேல் மூன்றரை அடி நிற்கிறது. ஆனால் ஆறடி தள்ளி, குளியலறைத் தளத்தின் மேல் 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று மேடை கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அதன் தலை புகைபோக்கியைவிட ஓரடி உயரம். ஜன்னல்கள் எல்லாம் சித்தப்பா மாற்றிய அலுமினியச் சறுக்கு ஜன்னல்கள். மேலே இருந்த காற்றுத் துவாரங்களைக் குரங்கு வருகிறது என்று அடைத்துவிட்டார்.

இன்னொன்றும் கவனித்தேன். வாயின் மேல்விளிம்பில் எனாமலைக் கொஞ்சம் சுரண்டியபோது அடியில் சிமெண்ட் உத்தரம் தெரிந்தது. அதன் இரண்டு முனையிலும் செங்கற்கள் வரிசையாக இல்லை, பாதி பாதியாக வெட்டப்பட்டு உடைந்த பல்போல நீட்டிக்கொண்டிருக்கின்றன. பக்கச் சுவர்களிலும் ஏறக்குறைய ஆறு அங்குல அகலத்துக்குச் சிமெண்ட் பூச்சு, அதைத் தாண்டினால் சுண்ணாம்புப் பூச்சு.

ரசமட்டம்:

பிடிபட்டுவிட்டது. தொலைக்காட்சிப் பெட்டி உள்ளே நுழைவதற்காக உங்கள் சித்தப்பா வாயைப் பெரிதாக்கியிருக்கிறார். ஆதியில் அங்கே ஒரு சிறு வளைவு இருந்திருக்கும். இரு பக்கமும் ஆறாறு அங்குலம் வெட்டி, வளைவை இடித்து, சிமெண்ட் உத்தரம் வைத்து உயர்த்திவிட்டார்கள்.

கணக்கைப் பாருங்கள். 42 × 36 என்றால் வாயின் பரப்பு 1,512 சதுர அங்குலம். குழாய் 9 × 9, அதாவது 81. ஏறக்குறைய பத்தொன்பதில் ஒரு பங்கு. குழாயின் பரப்பு வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது கட்டுமானக்காரர்களின் பழைய விதி. இப்போது இருபுறமும் வெட்டிய ஆறு அங்குலத்தைத் திரும்பக் கட்டினால் அகலம் 30 ஆகும். உயரத்தை 27-க்கு இறக்குங்கள். 30 × 27 என்றால் 810. குழாய் 81. கட்டியவர் கணக்குத் தெரிந்தவர்.

இரண்டாவது குற்றவாளி தண்ணீர்த் தொட்டி. புகைபோக்கி கூரையைவிட்டு வெளியே வந்த இடத்திலிருந்து 3 அடியாவது உயர வேண்டும், சுற்றிப் பத்தடிக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி ஓங்கி நிற்க வேண்டும். உங்களுடையது முதல் விதியில் தேறி, இரண்டாவதில் தோற்றுவிட்டது. காற்று தொட்டியில் மோதிச் சுழன்று குழாய்க்குள் இறங்கும். தொட்டியை நகர்த்துவது புகைபோக்கியை உயர்த்துவதைவிட மலிவு.

மூன்றாவது, அறைக்குள் காற்று வர வழியில்லை. அதைச் சோதிக்கச் செலவே இல்லை. ஒரு செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்திக் குழாயின் கழுத்துக்கு நேரே சற்று நேரம் பிடித்தால் உள்ளே இருக்கும் குளிர்ந்த காற்றுத் தூண் நகரும். பிறகு சிறு சுள்ளிகளை மூட்டுங்கள். ஜன்னலை மூடினால் புகை திரும்பி, இரண்டு விரல் திறந்தால் மேலே போகிறது என்றால் காற்றுத் துவாரத்தை மறுபடி திறந்து கம்பிவலை அடிக்க வேண்டியதுதான்.

கோட்டை அகழி:

ஒரு கணப்புக்கு வாய், கழுத்து, தலை, குற்றவாளி எல்லாம் இருக்கிறது. ஜாதகம் மட்டும்தான் பாக்கி.

ஐயா, இவ்வளவு பாடுபடுவதைவிட இரும்புச் சட்டியில் கரி போட்டு நடுக்கூடத்தில் வைத்தால் சூடு வருமே? புகையும் இல்லை.

ரசமட்டம்:

வேடிக்கையாகக்கூட இதை எழுதாதீர்கள். கரி எரியும்போது புகை தெரியாது, ஆனால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. மூடிய அறையில் தூங்குபவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். குளிர்காலத்தில் மலையூர் விடுதிகளில் கரியடுப்பை அறைக்குள் வைத்துப் படுத்து இறந்தவர்கள் செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. கணப்பு நன்றாக இழுத்தாலும் கங்கு முழுவதும் அணையும் வரை அந்த அறையில் யாரும் படுக்கக் கூடாது. அந்த வாயுவைக் காட்டிக்கொடுக்கும் எச்சரிக்கைக் கருவி விலைக்குக் கிடைக்கிறது, ஒன்று வாங்கி மாட்டுங்கள்.

கோட்டை அகழி:

ஒப்புக்கொள்கிறேன். கரிச்சட்டியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கம்பளி யோசனை மட்டும் அப்படியே நிற்கிறது.

குளிர்நாட்டு வேலூரான்:

தோட்டப்பாளையத்தில் பிறந்து இப்போது இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் இருக்கிறேன். இங்கே பழைய வீடு வாங்கினால் அறைக்கு ஒரு கணப்பு வரும், பெரும்பாலும் அடைத்த நிலையில். 1952-இல் லண்டனைப் பிடித்த நச்சுப்புகைக்குப் பிறகு 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. வீடுகளில் நிலக்கரி எரிப்பது குறைந்து, எரிவாயு வந்து, மக்கள் பலகை வைத்து அடைத்துவிட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று அந்தப் பலகையைப் பெயர்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று ஆவலாகப் பார்க்கிறார்கள்.

ரசமட்டம் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 1796-இல் ரம்ஃபோர்டு பிரபு என்பவர் கணப்பைப் பற்றி எழுதிய யோசனைகள் இங்கே இன்றும் செல்லும். குழி ஆழமாக இருக்கக் கூடாது, பக்கச் சுவர்கள் நேராக நிற்காமல் வாயை நோக்கி விரிய வேண்டும், மேலே கழுத்து ஒடுங்க வேண்டும். விரிந்த சுவர் சூட்டை அறைக்குள் திருப்பி அனுப்பும், ஒடுங்கிய கழுத்து புகையை வேகமாக இழுக்கும். பலாமரத்தடி எப்படியும் பக்கங்களைத் திரும்பக் கட்டப் போகிறார், அந்த ஆறு அங்குலத்தை நேராகக் கட்டாமல் சாய்வாகக் கட்டினால் ஒரே செலவில் இரண்டு வேலை முடியும்.

அந்தப் படுக்கையறைக் கணப்பைப் பற்றி யாருமே கேட்கவில்லையே? அடைத்த சுவரில் ஈரக்கறை இருக்கிறதா?

பலாமரத்தடி:

இருக்கிறது! தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் வரைபடம்போல ஒரு பழுப்புக் கறை. ஒவ்வொரு மழைக்காலமும் வெள்ளையடிக்கிறோம், மறுபடி வந்துவிடுகிறது. மேல் ஓடு ஒழுகுகிறது என்று ஓடு மாற்றினோம், அதற்கும் அடங்கவில்லை.

குளிர்நாட்டு வேலூரான்:

ஓட்டின் மேல் பழி போடாதீர்கள். கீழே அடைத்த புகைபோக்கி மேலே திறந்திருந்தால் மழை உள்ளே இறங்கும், காற்றோட்டம் இல்லாததால் ஈரம் வெளியேறாது. பழைய கரிப்படிவத்தில் ஊறி அதையும் கரைத்துக்கொண்டு சுவருக்கு வருவதால்தான் கறை பழுப்பாக இருக்கிறது. மேலே மழை படாமல் மூடுங்கள், ஆனால் பக்கவாட்டில் காற்றுப் போக வழி விடுங்கள். கீழே அடைத்த சுவரில் காற்றுப் போகத் துளையிட்ட சிறு பலகை (ஜாலி) ஒன்றை வையுங்கள். வெள்ளையடிக்கும் செலவு மிச்சம்.

நீற்றிய சுண்ணாம்பு:

வணக்கம். ஆற்காட்டில் பழைய வீடு, கோயில் மதில் என்று சுண்ணாம்பு வேலை செய்கிறேன், அப்பா கற்றுக்கொடுத்தது. மேலே ஐயா சொன்ன அளவுகள் சரி. ஆனால் எதை வைத்துக் கட்டுவது என்று யாரும் சொல்லவில்லை.

நெருப்புக் குழிக்குள் சிமெண்ட் வேண்டாம். 450 டிகிரி சூட்டைத் தொட்டாலே சிமெண்டின் கட்டு விடத் தொடங்கும், நெருப்புக்கு நேரே இருக்கும் இடத்தில் அந்தச் சூடு சாதாரணம். உள்வரிசைக்குச் சூடு தாங்கும் தீச்செங்கல் வாங்குங்கள், ராணிப்பேட்டையில் கொதிகலன் வேலைக்குச் சரக்கு கொடுப்பவர்களைக் கேட்டால் கிடைக்கும். இணைப்புக்குத் தீக்களிமண் கலவை, அதுவும் கத்தி முனை அளவு மெல்லியதாக. எங்கள் அப்பா காலத்தில் புற்றுமண்ணைச் சலித்து, உமி சேர்த்து, மிதித்து ஊறவைத்து அடுப்புகளுக்குப் பூசுவார்கள். வெடித்தால் மறுபடி ஒரு கை பூசிவிடலாம்.

வெளிமுகத்துக்குச் சுண்ணாம்புக் காரை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் பிசைந்தது. சுவர் முழுவதும் சுண்ணாம்பாக இருக்கும்போது இடையில் சிமெண்டை அப்பினால் இரண்டும் ஒட்டாது. பலாமரத்தடி பார்த்தாரே, சிமெண்ட் முடிந்து சுண்ணாம்பு தொடங்கும் இடம், அங்கே விரலால் தட்டிப் பாருங்கள். வெற்றுச் சத்தம் கேட்கும்.

எனாமலை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கும். வீட்டுப் பெயிண்ட்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. தூசி குழந்தைகளுக்கு ஆகாது. நெருப்பு மூட்டினால் தானாகக் கருகி உரியட்டும் என்று விடுவது அதைவிட மோசம். காரச் சோடாவையும் சுண்ணாம்பையும் குழம்பாக்கிப் பூசி, ஈரச் சாக்கு போர்த்தி, ஊறியதும் வழித்தெடுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், காரச் சோடா தோலைப் பொசுக்கும். பிறகு வினிகர் கலந்த தண்ணீரில் ஒரு முறை, நல்ல தண்ணீரில் சில முறை கழுவுங்கள்.

காட்பாடி சந்திப்பு:

கட்டடக்கலை படித்துவிட்டுக் காட்பாடியில் சிறு அலுவலகம் வைத்திருக்கிறேன். அலங்காரப் பக்கம் நான் பேசுகிறேன்.

எனாமல் போன பிறகு அடியில் நல்ல செங்கல் வந்தால் எதுவும் பூசாதீர்கள். செங்கல் சிதைந்திருந்தால் நீர்த்த சுண்ணாம்பை இரண்டு மூன்று கை அடியுங்கள், வேண்டுமானால் கொஞ்சம் காவி கலக்கலாம். மேற்பலகைக்குத் தேக்கு அழகு. ஆனால் வாயின் விளிம்புக்கு ஆறு அங்குலத்துக்குள் எந்த மரமும் வரக் கூடாது, முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும் பலகை என்றால் ஓரடியாவது மேலே தள்ளுங்கள். தரை சிவப்புத் தரை என்பதால் கவலை இல்லை, ஆனால் வாய்க்கு முன்னால் 16 அங்குலம் வரை பாய், விரிப்பு எதுவும் வேண்டாம். தொலைக்காட்சியைக் கணப்புக்கு மேலே மாட்டும் மோகம் இப்போது பரவியிருக்கிறது, வேண்டவே வேண்டாம். பெட்டியும் கெடும், கழுத்தும் வலிக்கும்.

கிரானைட் பற்றி வீட்டில் சொல்லிவிடுங்கள். கிரானைட்டில் குவார்ட்ஸ் கலந்திருக்கும், 573 டிகிரியில் அதன் உள்ளமைப்பு மாறி விரியும். அந்த அளவு சூடு போகாவிட்டாலும் ஒரு பக்கம் காய்ந்து மறுபக்கம் குளிர்ந்திருந்தாலே கல் பிளக்கலாம். பாறை மேல் விறகை எரித்துப் பாளம் பாளமாகப் பெயர்த்தெடுப்பது நம் கல்லுடைப்பவர்களின் பழைய வித்தை, அதையே கூடத்தில் செய்து பார்க்க வேண்டாம்.

பலாமரத்தடி வீட்டுக்காரி:

என்னைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், நானே வந்துவிட்டேன்.

கிரானைட் கேட்டது ஆடம்பரத்துக்காக இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவரில் கரி படிந்தால் யார் துடைப்பது? சாம்பலை யார் அள்ளுவது? இந்த இழையில் எழுதியவர்களில் எத்தனை பேர் சாம்பல் அள்ளியிருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. கிரானைட் என்றால் ஈரத் துணியால் ஒரு இழுப்பு, முடிந்தது. செங்கல்லின் அழகைப் பார்க்க வருபவர்கள் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இன்னொன்று, ஆண்டில் பத்து மாதம் அது எரியப் போவதில்லை. அப்போது அது கறுத்த பொந்தாகத்தான் நிற்கும். அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

வாலாஜா மருமகள்:

அக்கா, எழுந்து நின்று கைதட்டுகிறேன்.

காட்பாடி சந்திப்பு:

நியாயமான கேள்வி, பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். துடைக்க எளிதாகவும் சூடு தாங்குவதாகவும் ஒரு கல் இருக்கிறது: மாக்கல். கல்சட்டி செய்யும் அதே கல்தான், சேலம் பக்கம் கிடைக்கும். கல்சட்டியை நேராக அடுப்பில் ஏற்றுகிறோம், வெடிக்கிறதா? வாயைச் சுற்றி உள்வளையமாக ஆறேழு அங்குல அகலத்துக்கு மாக்கல் பலகை பதியுங்கள், முன்தரைக்கும் அதுவே. எண்ணெய் தடவினால் கறுத்துப் பளபளக்கும், நீங்கள் கேட்ட கறுப்பும் வந்துவிடும். அதற்கு வெளியே, நேரான சூடு படாத இடத்தில், கிரானைட் பட்டை ஒன்று ஒட்டிக்கொள்ளுங்கள். என் கண்ணுக்கு அது தேவையில்லை, ஆனால் வீடு உங்களுடையது.

எரியாத மாதங்களுக்கு: உள்சுவரை நன்றாகத் துடைத்துவிட்டுக் கரிகிரியில் செய்யும் மெருகிட்ட மண்சாடிகள் இரண்டு மூன்றை வையுங்கள், வேலூர் மாவட்டத்துக் கைவேலை. அம்மா விரும்பியபடி குத்துவிளக்கும் வைக்கலாம், குளிர்காலத்தில் பூஜை மாடத்துக்குத் திரும்பட்டும். கழுத்தில் ஓர் இரும்புத் தகடு கதவுபோல வைத்துவிட்டால் மற்ற மாதங்களில் மூடிவிடலாம். வௌவாலும் தூசியும் வராது. எரிக்கும் முன் திறக்க மறக்காதீர்கள், கைப்பிடியில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவிடுங்கள்.

நீற்றிய சுண்ணாம்பு:

அக்கா, நான் சாம்பல் அள்ளியிருக்கிறேன், ஆனால் சூளையில். முழுவதும் ஆறிய பிறகு மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளுங்கள், பிளாஸ்டிக்கில் வேண்டாம். உள்ளே கங்கு ஒளிந்திருக்கும். விறகுச் சாம்பல் தோட்டத்து மரங்களுக்கு நல்ல உரம்.

பலாமரத்தடி:

விறகு எது நல்லது? தோட்டத்தில் பலாவும் சவுக்கும் இருக்கின்றன.

ரசமட்டம்:

எந்த மரம் என்பதைவிடக் காய்ந்ததா என்பதுதான் கேள்வி. வெட்டிப் பிளந்து, மழை படாமல் காற்றுப் படும்படி அடுக்கி, ஓராண்டு விடுங்கள். இரண்டு கட்டைகளை மோதினால் கணீரென்று கேட்க வேண்டும். ஈர விறகு எரிந்தால் குழாயின் உட்புறம் தார்போலப் படியும், ஒரு நாள் அந்தத் தாரே குழாய்க்குள் பற்றிக்கொள்ளும். சவுக்கு நன்றாக எரியும். கீழே சமவெளியில் கிடைக்கும் சீமைக்கருவேலம் நின்று எரியும், கங்கும் நெடுநேரம் இருக்கும். காப்புக் காட்டுக்குள் போய்ச் சுள்ளி பொறுக்காதீர்கள், வனத்துறையிடம் பதில் சொல்ல வேண்டிவரும்.

ஆண்டுக்கு ஒரு முறை குழாயைச் சுத்தம் செய்யுங்கள். கயிற்றின் நடுவில் முட்செடிக் கட்டு ஒன்றைக் கட்டி, மேலே ஒருவர் கீழே ஒருவர் நின்று இழுத்தால் போதும். புகைபோக்கியின் தலையில் நான்கு மூலையிலும் செங்கல் நிறுத்தி ஒரு கடப்பைக் கல்லை மூடியாகப் போட்டு, பக்கங்களில் கம்பிவலை அடியுங்கள். மழையும் குரங்கும் நிற்கும், புகை போகும். படுக்கையறைப் புகைபோக்கிக்கும் இதே மூடிதான்.

வாலாஜா அம்மாவுக்கு: உங்கள் கூடு இழுக்கும், ஆனால் முழுவதும் நம்ப முடியாது. விறகு அடுப்பின் சூட்டுக்குக் கட்டியது அது. எரிவாயு அடுப்பில் அவ்வளவு சூடான காற்று மேலே போகாது, தாளிப்புப் புகை பாதி வழியில் திரும்பும். கூண்டின் கழுத்தில், கை எட்டும் இடத்தில், ஒரு சிறு காற்றுவெளியேற்றி வையுங்கள், பிரமாதமாக வேலை செய்யும். அதற்கு முன் உட்புறத்துப் பழைய கரியை முழுவதும் சுரண்டிவிடுங்கள், எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் சேர்ந்தால் ஆபத்து. மேடையை இடிக்கும்போது கூட்டைத் தாங்கும் தூண் அல்லது சுவர் எது என்று பார்த்துக்கொண்டு இடியுங்கள். சில வீடுகளில் மேடையின் ஓரச் சுவர்தான் கூட்டின் சுமையைத் தாங்கும்.

வாலாஜா மருமகள்:

எங்கள் வீட்டில் அப்படித்தான்! மேடையின் இடது ஓரச் சுவர் நேராகக் கூடு வரை போகிறது. கொத்தனார் நேற்று அதைத்தான் முதலில் தட்டலாம் என்றார். நல்ல வேளை, கேட்டேன். பரணை மட்டும் விட்டுவிடப் போகிறேன், அவரை விதையோடு.

நீற்றிய சுண்ணாம்பு:

பலாமரத்தடி அண்ணா, டிசம்பருக்கு எரிய வேண்டும் என்றால் நாள் குறைவு. சுண்ணாம்புக் காரை இறுக நேரம் எடுக்கும். பூசி முடித்து ஒரு மாதமாவது நெருப்பு காட்டக் கூடாது, பிறகும் முதல் சில நாட்கள் சுள்ளி நெருப்பு மட்டும். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் மலையில் எதுவும் உலராது. இப்போதே தொடங்கினால்தான் உண்டு.

பலாமரத்தடி:

அம்மா ஆடியில் கடப்பாரை எடுக்கக் கூடாது என்கிறார். பழுது பார்ப்பதுதானே, புது வேலை இல்லையே என்று வாதாடிப் பார்த்தேன், செல்லவில்லை. ஆவணி முதல் வாரத்தில் நாள் குறித்திருக்கிறார். வீட்டுக்காரி மாக்கல்லுக்குச் சம்மதித்துவிட்டார், சாம்பல் அள்ளுவது என் பொறுப்பு என்ற நிபந்தனையோடு. தம்பிக்கு எதிர்ச்சுவரில் அலமாரி.

ரசமட்டம்:

ஆவணி வரை சும்மா இருக்க வேண்டாம். தொட்டியை நகர்த்துவதற்கும் காற்றுத் துவாரத்தைத் திறப்பதற்கும் ஆடி தடையில்லை, குழாய் வேலைக்காரரை இந்த வாரமே கூப்பிடுங்கள். தீச்செங்கல்லுக்கும் மாக்கல்லுக்கும் இப்போதே சொல்லி வையுங்கள். கொத்தனார் வந்த பிறகு கல்லுக்காகக் காத்திருந்தால் கூலி வீணாகும். பக்கச் சுவர்களின் சாய்வை ஒரு தாளில் வரைந்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

கோட்டை அகழி:

வரைபடம் வரட்டும். டிசம்பரில் ஒரு வாரம் நானும் வருகிறேன், கம்பளியோடு.